எந்த விளக்கு, எந்தப் பெட்டி: அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்ய விளக்குப்பொறியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பொறியில் நிறையப் பூச்சி விழும்?" என்பதுதான். நானும் அதைக் கேட்டுத்தான் தொடங்கினேன். அந்தக் கேள்விக்கு விடை காண்பது எளிது. ஆனால் அந்த விடையை மட்டும் நம்பிப் பொறி வாங்கினால், இரண்டாம் ஆண்டிலேயே அது பரணுக்குப் போய்விடும். என்னுடைய முதல் பொறி அப்படித்தான் போனது. அதிகம் பிடிக்கும் பொறி எது என்பதைவிட, ஒரே இடத்தில், ஒரே விளக்கைக் கொண்டு, சலிப்பில்லாமல் எத்தனை இரவுகள் திரும்பத் திரும்ப வைக்கக்கூடிய பொறி எது என்று கேட்பதே சரி என்பது இன்று என்னுடைய கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கருத்தின் சாய்வோடுதான் எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சொல் குறித்து ஒரு விளக்கம் தேவை. வேளாண்மையில் விளக்குப்பொறி என்றால், விளக்கின் அடியில் சோப்பு நீரோ மண்ணெண்ணெய் கலந்த நீரோ உள்ள தட்டை வைத்து, பயிரைத் தின்னும் புழுக்களின் தாய்ப்பூச்சிகளை விழுந்து சாகச் செய்யும் ஏற்பாடு என்று பொருள். பதிவாளரின் பொறி அதற்கு நேர்மாறானது. இதில் விழும் பூச்சி இரவு முழுவதும், பெட்டிக்குள் அடுக்கிய முட்டை அட்டைகளின் (கோழிமுட்டை அடுக்கும் அட்டைத் தட்டுகள்) குழிகளில் பத்திரமாக ஒதுங்கியிருந்து, காலையில் எண்ணப்பட்டு, பெயர் எழுதப்பட்டு, உயிரோடு விடுவிக்கப்பட வேண்டும். எனவே வேளாண் பொறியை வாங்கி அப்படியே தோட்டத்தில் வைத்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 1,60,000; பட்டாம்பூச்சிகளோ 18,000-ஐ ஒட்டியே இருக்கின்றன. பெரும்பாலான அந்துப்பூச்சிகள் இரவில் பறப்பவை என்பதால், விளக்கு இல்லாமல் அவற்றின் பட்டியலைத் தயாரிப்பது கடினம். ஆனால் விளக்குக்கு ஏன் வருகின்றன? விளக்கில் விழும் விட்டில் என்று நம் மொழி காலம் காலமாக ஒரு காதல் கதையைச் சொல்லி வந்திருக்கிறது. 2024-இல் வெளியான, அதிவேக ஒளிப்பதிவுக் கருவிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு அந்தக் கதையைக் கலைத்துவிட்டது. பறக்கும் பூச்சிகள் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்துக்குத் தங்கள் முதுகைத் திருப்பிக்கொள்கின்றன. இயற்கையில் இரவிலும் வானமே தரையைவிட வெளிச்சமாக இருப்பதால், இந்தப் பழக்கம் அவற்றைத் தலைகீழாகாமல் பறக்க வைக்கிறது. அருகில் ஒரு விளக்கு எரிந்தால், அதை வானம் என்று எடுத்துக்கொண்டு முதுகைச் சாய்க்கும் பூச்சி விளக்கைச் சுற்றியே வட்டமடிக்கிறது. விளக்குக்கு மேலே போனால் கவிழ்ந்து விழுகிறது. அது ஆசைப்பட்டு வரவில்லை, அகப்பட்டுக்கொள்கிறது.

பொறியைத் தேர்ந்தெடுப்பவருக்கு இந்தத் தகவலால் நேரடிப் பயன் உண்டு. பூச்சி விளக்கைச் சுற்றித் தடுமாறும்போது அதைக் கீழே தள்ளிவிடும் தகடுகளும், விழுந்ததை வெளியேறாமல் தடுக்கும் புனலும் விளக்கின் வாட் அளவைப் போலவே முக்கியமானவை என்று ஆகிறது. மேலும், குறியிட்டு விடுவித்த பூச்சிகளைக் கொண்டு, குறைந்த வாட் விளக்குகளில் செய்யப்பட்ட சோதனைகள், பூச்சிகள் ஈர்க்கப்படும் தூரம் ஏறத்தாழ 10 முதல் 30 மீட்டர் வரைதான் என்றும், அதுவும் அந்துப்பூச்சிக் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது என்றும் காட்டியிருக்கின்றன. ஆகவே உங்கள் பொறி ஊரையே காலி செய்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. அந்தப் பொறியில் விழுந்தவை ஊர் முழுவதற்கும் சாட்சி என்ற பெருமையும் தேவையில்லை.

விளக்குகள்

பல பத்தாண்டுகளாக இந்தத் துறையின் அளவுகோலாக இருந்தது 125 வாட் பாதரச ஆவி விளக்கு. அதன் ஒளியில் 365 நானோமீட்டரை ஒட்டி வலுவான புற ஊதாக் கதிரும், கூடவே நீலம், பச்சை, மஞ்சள் கதிர்களும் உண்டு. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளில் கண் ஆராயப்பட்டவை பலவற்றில் புற ஊதா, நீலம், பச்சை ஆகிய மூன்றையும் உணரும் செல்கள் இருக்கின்றன. டெய்லிபிலா எல்பெனார் என்னும் பருந்து அந்துப்பூச்சி விண்மீன் வெளிச்சத்திலும் நிறங்களைப் பிரித்தறிகிறது என்று 2002-இல் சோதனை மூலம் நிறுவப்பட்டது. அத்தகைய கண்ணுக்குப் பாதரச ஆவி விளக்கின் ஒளி கச்சிதமாகப் பொருந்துகிறது. எண்ணிக்கையில் இதற்கு இணையாக வேறொன்றும் எளிதில் வருவதில்லை என்பதை மறுக்க முடியாது.

இருந்தாலும் இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த விளக்கு சோக் இல்லாமல் எரியாது. சோக்கின் எடையே ஒரு சுமை. மின்சாரம் நின்று திரும்பினால், குழாய் குளிரும் வரை சில நிமிடங்கள் மீண்டும் எரியாது. சூடான கண்ணாடியில் ஒரு மழைத்துளி விழுந்தால் விரிசல் விடும். அதிலும் ஆபத்தானது, வெளிக் கண்ணாடி உடைந்த பிறகும் உள்குழாய் தொடர்ந்து எரிவது: அப்போது வெளிவரும் குறுகிய அலைநீளப் புற ஊதா, கண்ணையும் தோலையும் சில நிமிடங்களிலேயே பாதிக்கக்கூடியது. என்னுடைய விளக்கு ஒரு தூறல் இரவில் "டப்" என்ற ஒலியோடு விரிந்தபோது, கையில் குடையோடு ஓடிச் சென்று அதை அணைத்த அனுபவத்துக்குப் பிறகு, மழை மறைப்பு இல்லாத பாதரச விளக்கை நான் பயன்படுத்தியதே இல்லை. பக்கத்து வீட்டுச் சன்னலில் விடியும் வரை வெள்ளை வெளிச்சம் அடிக்கும் என்பது இன்னொரு தொல்லை. இவை போதாதென்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் இவ்வகை விளக்குகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையும் பொது வெளிச்சத்துக்கான இவ்விளக்குகளை விலக்க 2020-ஐ எல்லையாக வைத்தது. எரிந்து போனால் மாற்று கிடைக்குமா என்று தெரியாத விளக்கை நம்பி ஒரு பத்தாண்டுப் பதிவைத் தொடங்குவது விவேகமன்று.

ஆக்டினிக் எனப்படும் புற ஊதாக் குழல் விளக்குகள் இதற்கு அடுத்த தெரிவு. 6 வாட் முதல் 20 வாட் வரையிலான இவை 350-க்கும் 370-க்கும் இடைப்பட்ட அலைநீளங்களில் உச்சம் கொண்டவை. சூடாவதில்லை, கண்ணைக் கூசச் செய்யாத நீல வெளிச்சத்தைத் தருபவை. இவற்றிலேயே கறுப்புக் கண்ணாடிக் குழல் ஒன்று உண்டு; அது புற ஊதாவை வெளியே விட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், வீடுகள் நெருங்கிய இடத்தில் தோட்டம் வைத்திருப்பவருக்கு மிகவும் ஏற்றது. பாதரச விளக்கு நூறு பூச்சிகளைப் பிடிக்கும் இரவில் இது கணிசமாகக் குறைவாகவே பிடிக்கும். குறைவாக வருவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. முப்பது பூச்சிகளை வேலைக்குக் கிளம்பும் முன் பெயரிட்டு எழுதிவிடலாம். முந்நூறு பூச்சிகள் இருந்தால், அவற்றில் பாதியை "பழுப்பு நிறச் சிறியவை" என்று எழுதத் தோன்றும், அப்படி எழுதியதால் யாருக்கும் பயனில்லை.

எல்இடி விளக்குகளைப் பற்றி எச்சரிக்கையோடு பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்குதான் அதிகம் ஏமாற இடமுண்டு. புற ஊதா எல்இடி என்று விற்கப்படும் பலவும் 395 நானோமீட்டரை ஒட்டி ஒளிர்பவை. அவை நம் கண்ணுக்கு நன்றாகவே ஊதா நிறமாகத் தெரிகின்றன, அந்துப்பூச்சியின் புற ஊதா உணர்வு உச்சத்திலிருந்து விலகி நிற்கின்றன. வாங்கும்போது அலைநீளம் 365 முதல் 370-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. ஜெர்மானிய ஆய்வாளர் குன்னார் பிரெம் 2017-இல் வெளியிட்ட வடிவமைப்பு, 368 நானோமீட்டர் புற ஊதாவோடு நீலமும் பச்சையும் சேர்த்து, பூச்சியின் கண்ணைக் கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. வெறும் புற ஊதா மட்டும் கொண்ட மலிவான பட்டைகளைவிட இத்தகைய கலப்பு விளக்கு மேலானது என்பது என் அனுபவமும்கூட. எல்இடியின் உண்மையான வலிமை அது குடிக்கும் மின்சாரத்தின் சிறுமையில் இருக்கிறது; அதைப் பற்றி வெளியிடங்களைப் பேசும்போது சொல்கிறேன்.

விளக்கை மாற்றுவது குறித்து ஒன்றை இங்கேயே எழுதிவிட வேண்டும். ஐந்து ஆண்டுகள் குழல் விளக்கில் பதிவு செய்துவிட்டு ஆறாம் ஆண்டு எல்இடிக்கு மாறினால், ஆறாம் ஆண்டின் ஏற்றமோ இறக்கமோ பூச்சிகளால் வந்ததா விளக்கால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். மாற்றியே தீர வேண்டுமானால், ஒரு முழு ஆண்டுக்காவது பழையதையும் புதியதையும் ஒருவாரம் விட்டு ஒருவாரம் மாற்றி மாற்றி எரிக்க வேண்டும். இரண்டையும் ஒரே இரவில் அருகருகே எரித்து ஒப்பிடுவது பலர் செய்யும் தவறு. ஒன்றின் ஒளி மற்றொன்றின் பூச்சிகளைத் திருடிக்கொள்ளும்.

மாறாமல் இருப்பதன் மதிப்பு என்ன என்பதற்கு, இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அங்கு 1930-களில் பூச்சியியலாளர் சி. பி. வில்லியம்ஸ் இயக்கிய விளக்குப்பொறியின் எண்ணிக்கைகளையும் கொண்டு, 1943-இல் அவரும் புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷரும் ஏ. எஸ். கார்பெட்டும் இணைந்து, ஒரு தொகுப்பில் இனங்களின் எண்ணிக்கைக்கும் உயிர்களின் எண்ணிக்கைக்கும் உள்ள உறவைக் கணிதமாக எழுதினார்கள். ஃபிஷரின் ஆல்ஃபா என்று சூழலியலார் இன்றும் பயன்படுத்தும், ஓரிடத்தின் இனப் பன்மையைக் குறிக்கும் அளவு அங்கிருந்து வந்ததே. பின்னாளில் நாடு முழுவதும் விரிந்த அந்தப் பொறி வலையில் எரிவது 200 வாட் சாதாரண இழை பல்பு. பூச்சிகளை ஈர்ப்பதில் மிகவும் மந்தமான விளக்கு அது. இருந்தும் அதை மாற்றாமல் வைத்திருப்பதால்தான், பல பத்தாண்டுகளில் அந்துப்பூச்சிகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று அந்த எண்களைக் கொண்டு பேச முடிகிறது.

பெட்டிகள்

விளக்கைத் தீர்மானித்த பிறகு பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1950-இல் ராபின்சன்கள் இருவர் விவரித்த வட்டமான பீப்பாய்ப் பொறி, பெரிய புனலும் நடுவில் தகடுகளும் கொண்டது. உள்ளே போனது வெளியே வருவது அரிது. அதனால் எண்ணிக்கைக்கு இதுவே அரசன். ஆனால் பருமன் அதிகம், மடிக்க முடியாது, வீட்டில் ஒரு மூலையை நிரந்தரமாகக் கேட்கும். ஸ்கின்னர் பொறி என்பது, ஒரு பெட்டியின் மேல் இரண்டு கண்ணாடி போன்ற தகடுகளைச் சரிவாக வைத்து, நடுவில் ஒரு பிளவு விட்ட எளிய அமைப்பு. தச்சு வேலை கொஞ்சம் தெரிந்தவர் ஒரு நாளில் செய்துவிடலாம். பிரித்துத் தட்டையாக அடுக்கலாம். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு தகட்டை நகர்த்தி உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்பது, பொறுமையில்லாத என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் பிளவு வழியே விடியலில் வெளியேறுபவை உண்டு. வெயில் ஏறும் முன் திறக்காவிட்டால் இழப்பு தெரியும்.

ஜான் ஹீத் வடிவமைத்த பொறியும் அதன் வழிவந்த வாளிப் பொறிகளும் மூன்றாம் வகை. நிமிர்ந்து நிற்கும் சிறு குழல், அதைச் சுற்றி மூன்று அல்லது நான்கு தகடுகள், கீழே புனல், அதன் கீழே வாளி அல்லது மடக்குப் பெட்டி. முழுவதும் ஒரு தோள்பையில் அடங்கும். பிடிக்கும் எண்ணிக்கை மிதமானது, ஆனால் உள்ளே போனதைப் பிடித்து வைத்திருப்பதில் மோசமில்லை. வாளியின் அடியில் வடிகால் துளையும் அதன் மேல் வலையும் இல்லாவிட்டால் மழை நீர் தேங்கி, காலையில் பூச்சிகள் மிதக்கும். இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்து நான் துளையிடாமல் விட்ட வாளி ஒன்று இன்றும் செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் பயன்படுகிறது.

வெள்ளைத் துணியைப் பொறி என்று கூற முடியாது; என்றாலும் ஒப்பீட்டில் அதற்கு இடமுண்டு. துணியைக் கட்டி, முன்னால் விளக்கை வைத்து, நாமே காவலிருப்பது இது. பொறிக்குள் போகாமல் சுற்றியுள்ள புல்லிலும் சுவரிலும் அமர்ந்துகொள்ளும் இனங்கள் நிறைய. குறிப்பாக, உடலை வளைத்து அளப்பதுபோல் நகரும் அளவுப்புழுக்களின் தாய்ப்பூச்சிகள் பல அப்படிப்பட்டவை. துணியில் அவை அகப்படும். எந்த மணிக்கு எது பறக்கிறது என்று தெரிவது துணியில் மட்டுமே. எட்டு மணிக்கு வந்தவை பத்து மணிக்கு இல்லை, நள்ளிரவுக்குப் பின் வேறொரு கூட்டம் வருகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர், பொறியை இரண்டு மணி நேரம் எரித்துவிட்டு அணைக்க மாட்டார். ஆனால் துணிப் பதிவு பார்ப்பவரின் உழைப்பைப் பொறுத்தது. சோர்ந்த இரவில் எண்ணிக்கை குறையும். ஆகவே ஓர் இடத்தின் இனப்பட்டியலைத் தயாரிக்கத் துணி சிறந்தது, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட அது உதவாது.

தோட்டமா, வெளியா

தோட்டத்தில் மின்சாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, விடியலில் படுக்கையிலிருந்து எழுந்து பத்து அடியில் பொறியைத் திறக்கலாம், ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் தொடரலாம். இந்த மூன்றும் சேர்ந்து தோட்டத்தை நீண்ட காலப் பதிவுக்கு ஒப்பற்ற இடமாக ஆக்குகின்றன. அதன் குறை, அருகிலுள்ள தெருவிளக்கு. புதிய வெள்ளைத் தெருவிளக்கு ஒன்று உங்கள் மதிலுக்கு அப்பால் வந்துவிட்டால் உங்கள் எண்கள் மாறும். வந்த தேதியைக் குறித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பொறியை வீட்டுச் சுவரின் நிழலில், காற்று படாத, செடிகள் சூழ்ந்த மூலையில் வைத்தால் பாதிப்பு குறையும்.

தோட்டத்தில் தினமும் எரிக்க வேண்டாம். நேற்று விடுவித்த பூச்சியே இன்று மீண்டும் விழும். அதற்கு இரை தேடவும் முட்டையிடவும் கிடைத்த இரவுகளை நாமே எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம். மேலும், தினமும் எரியும் பொறியைப் பறவைகள் விரைவில் கற்றுக்கொள்கின்றன. என் பொறியைச் சுற்றிச் சில காலைகளில் சிறகுகள் மட்டும் கிடந்தன. கவனித்தபோது, விளக்கு அணையும் நேரத்துக்கு ஒரு குருவி மதில்மேல் வந்து காத்திருப்பது தெரிந்தது. நான் முட்டை அட்டையை உயர்த்தும் கையைத்தான் அது பார்த்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு குறிப்பிட்ட கிழமை என்று வைத்துக்கொள்வதே போதும். பிரிட்டனில் தோட்டங்களில் நடக்கும் அந்துப்பூச்சிக் கணக்கெடுப்பும் வாரம் ஓர் இரவு என்ற முறையையே பின்பற்றுகிறது. கிழமையை முன்கூட்டியே நிலைநிறுத்துவதில் இன்னொரு நேர்மையும் இருக்கிறது: புழுக்கமான, மேகம் மூடிய, காற்றில்லாத இரவுகளை மட்டும் பொறுக்கியெடுத்து எரித்தால் எண்கள் அழகாக இருக்கும், ஆனால் அவை உங்கள் தேர்வைத்தான் காட்டும்.

வெளியிடங்களில் நிலைமை வேறு. காட்டோரம், ஆற்றங்கரை, தரிசு, சதுப்பு என்று தோட்டத்தில் ஒருபோதும் காணாத இனங்கள் அங்கே இருக்கின்றன. ஓரிரவில் தோட்டத்தின் ஒரு மாதப் பட்டியலைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் அங்கே எல்லாவற்றையும் மின்சாரமே தீர்மானிக்கிறது. 15 வாட் குழல் விளக்கை 10 மணி நேரம் எரிக்க 150 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் அது 12.5 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால், குறைந்தது 25 ஆம்பியர்-மணி பேட்டரியைச் சுமந்து செல்ல வேண்டியிருக்கும். அதை ஒரு கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு நடந்தவருக்கு எல்இடியின் அருமை தெரியும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றில் ஏறத்தாழ 74 வாட்-மணி இருக்கிறது. மாற்றத்தில் வீணாவதைக் கழித்தால் 10 வாட் எல்இடி ஆறு மணி நேரமாவது எரியும், இரண்டு பவர் பேங்குகள் சட்டைப்பையிலேயே அடங்கும். ஜெனரேட்டரும் பாதரச விளக்கும் கொண்டு செல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்கள் பிடிக்கும் எண்ணிக்கை எனக்குப் பொறாமையைத் தருவதுண்டு, அந்த இரைச்சலோடு இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பது தருவதில்லை.

வெளியில் ஒரு பெரிய பொறியை வைப்பதைவிட மூன்று சிறிய வாளிப் பொறிகளை நூறு மீட்டர் இடைவெளியில் வைப்பதையே நான் விரும்புகிறேன். ஒளியின் எட்டும் தூரம் குறுகியது என்று மேலே பார்த்தோம். அதனால் புல்வெளியில் ஒன்று, மரங்களின் அடியில் ஒன்று, நீரோரம் ஒன்று என்று வைத்தால், ஒவ்வொன்றும் அந்தந்த வாழிடத்தைப் பற்றிப் பேசும். ஒன்று மழையில் கெட்டாலும் மற்ற இரண்டு இருக்கும். மூன்றும் ஒரே வகை விளக்காக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

தரையில் நேராக வைக்க வேண்டாம். வெளியில் நான் வைத்த முதல் பொறியைக் காலையில் திறந்தபோது, முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியிலும் சிறகுகள் மட்டும் நேர்த்தியாகக் கிடந்தன. உடல்களை எறும்புகள் வரிசையாக எடுத்துச் சென்றிருந்தன. அந்தச் சிறகுகளை வைத்துக்கொண்டு எத்தனை இனம் என்று எண்ண முயன்றேன், வெட்கமாக இருந்தது. மூன்று கால் கொண்ட தாங்கியில் வைத்து, கால்களில் பசைத்தன்மையுள்ள மசகு தடவுவதே எனக்குத் தெரிந்த வழி. நிலத்துக்கு உரியவரின் அனுமதியும், பொறியின் மேல் அது என்ன என்று விளக்கும் ஒரு சீட்டும் இல்லாமல் வைத்துவிட்டு வரக் கூடாது. இருட்டில் தனியாக எரியும் நீல வெளிச்சம் வழிப்போக்கருக்கு என்னவாகத் தோன்றும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிலாவைப் பற்றிச் சுருக்கமாக: முழு நிலவை ஒட்டிய இரவுகளில் பிடிப்பு குறைவது நெடுங்காலமாக அறிந்தது. தோட்டத்தில் கிழமை மாறக் கூடாது என்பதால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வெளியிடப் பயணத்துக்கு அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

காலையில் செய்ய வேண்டியது

எந்தப் பொறியானாலும் அதன் மதிப்பு காலை ஒரு மணி நேரத்தில்தான் தீர்மானமாகிறது. முதலில் பெட்டிக்கு வெளியே, சுற்றிலும் இரண்டு மூன்று மீட்டருக்குள் புல், சுவர், இலைகளின் அடிப்பக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அங்கிருப்பவற்றைத் தனியாக எழுத வேண்டும். பிறகு முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாக, மெதுவாக, தலைகீழாகத் திருப்பாமல் உயர்த்த வேண்டும். குளிர்ந்த காலையில் பெரும்பாலானவை அசையாமல் இருக்கும். ஒரு பருந்து அந்துப்பூச்சி விழித்துக்கொண்டால், சிறகுகளை விரிக்காமலே நடுங்கத் தொடங்கும்; நடுக்கம் மெல்ல வேகமெடுத்து, அட்டையில் விரலை வைத்தால் அந்த அதிர்வு தெரியும். மார்புத் தசைகளைச் சூடாக்கிக்கொள்கிறது அது. சூடாகும் வரை பறக்க முடியாது என்பதால், ஒளிப்படம் எடுக்க உங்களுக்கு ஓரிரு நிமிடங்கள் உண்டு.

பெயர் தெரியாதவற்றைச் சிறிய ஒளிபுகும் டப்பாக்களில் இட்டுச் சில மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் அமைதியடையும். மில்லிமீட்டர் கோடிட்ட தாளின் மேல் வைத்துப் படமெடுத்தால் அளவும் பதிவாகிவிடும். அடர்ந்த மயிர் கொண்ட சில இனங்களின் மயிர் தோலில் அரிப்பை உண்டாக்கும். அவற்றை வெறுங்கையால் தொட வேண்டாம். உள் உறுப்புகளை ஆராயாமல் பிரித்தறிய முடியாத இணை இனங்கள் பல உள்ளன. அத்தகைய இடத்தில் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. ஊகித்து எழுதிய ஓர் இனப்பெயர், சரியாக எழுதிய பத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். பெரும்பாலான அந்துப்பூச்சிகளுக்குத் தமிழ்ப் பெயர் இல்லை. நாமே பெயர் சூட்டி மகிழ்வதில் தவறில்லை, ஆனால் ஏட்டில் அறிவியல் பெயரும் இருந்தாக வேண்டும்.

என்ன, எத்தனை, எங்கே, எப்போது, யார் பார்த்தது, எந்த விளக்கு, எந்தப் பெட்டி: இவை இல்லாத குறிப்பு பதிவாகாது. தேதி என்றால் பொறியை வைத்த மாலையின் தேதி. திறந்த காலையின் தேதி அன்று. இதை முதல் நாளிலேயே முடிவு செய்துகொள்ளாதவர்களின் ஏடுகளில் ஒரே இரவு இரண்டு தேதிகளில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். விடுவிக்கும்போது, பொறி இருந்த இடத்திலேயே கொட்டிவிடாமல், சற்றுத் தள்ளி அடர்ந்த செடிகளுக்குள், நிழலில், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விட வேண்டும்.

இனி தீர்மானத்துக்கு வருவோம். வீட்டோடு தோட்டம் உள்ளவர், பத்தாண்டுக் கணக்கில் எண்ணிப் பார்க்க விரும்புபவர், 15 அல்லது 20 வாட் குழல் விளக்கோடு ஸ்கின்னர் பெட்டியை எடுத்துக்கொள்ளட்டும். உதிரிக் குழல்கள் இரண்டையும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளட்டும். வெளியில் சுற்றுபவர் 365 முதல் 370 நானோமீட்டர் எல்இடியோடு வாளிப் பொறிகளை எடுத்துக்கொள்ளட்டும். முதல் ஆண்டு ஒன்று, பிறகு மூன்று. ஓர் இடத்தின் இனப்பட்டியலை விரைவாகத் தயாரிக்க வேண்டியவர், கையில் இருக்கும் விளக்கோடு ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு இரவு முழுவதும் விழித்திருக்கட்டும். பாதரச விளக்கும் ராபின்சன் பீப்பாயும் ஏற்கெனவே வைத்திருப்பவர், பக்கத்தில் வீடுகள் இல்லாவிட்டால் அதையே தொடரட்டும். அவருடைய பழைய எண்களுக்கு அதுதான் பொருத்தம். எதையும் வாங்கும் நிலையில் இல்லாதவருக்கும் வழியுண்டு: சன்னலோரம் ஒரு குழல் விளக்கை எரித்து, வெளிச்சுவரில் வாரத்துக்கு ஓர் இரவு, ஒரே மணி நேரத்தில் வந்து அமர்பவற்றை எண்ணலாம்.

ஒன்றும் விழாத இரவுகள் எல்லோருக்கும் வரும். குளிர்ந்த காற்றடித்த இரவின் காலையில் பெட்டியைத் திறந்தால், முட்டை அட்டையின் குழியில் ஒரு கொசு மட்டும் இருக்கும். அந்தத் தேதியை எழுதி, விளக்கு எரிந்தது என்று குறித்து, எதிரே பூஜ்யம் என்று எழுத வேண்டும். வெற்றாக விடப்பட்ட வரி, பொறி வைக்கப்படவில்லை என்றே பின்னால் படிக்கப்படும்.